அந்த 72 மணி நேரம்

வாசகர் கடிதம்: "ஹூஸ்டனுக்கு மேற்கே ஒரு வாடகை வீட்டில் மனைவி, இரண்டு குழந்தைகளுடன் வசிக்கிறேன். என் மனைவியின் தம்பி இங்கே முதுகலை படிக்கிறான். மாடி அறையில் எங்களோடு தங்கியிருக்கிறான். லேபர் டே விடுமுறைக்கு டல்லாஸில் சித்தப்பா மகன் வீட்டுப் புதுமனைப் புகுவிழா. வெள்ளிக்கிழமை மதியமே ஐந்து பேரும் கிளம்பிப் போய்விட்டுத் திங்கள் இரவுதான் திரும்பினோம். அந்தக் களைப்புக்கூடத் தீரவில்லை, புதன்கிழமை காலை ஆறு மணிக்குப் போலீஸ் வாரண்டுடன் வந்து கதவைத் தட்டியது. இரண்டு மணி நேரம் வீட்டைப் புரட்டினார்கள். அரிசி டப்பாவைக்கூடக் கவிழ்த்துப் பார்த்தார்கள். தம்பியின் மேசை இழுப்பறையில் கஞ்சா எண்ணெய் அடைத்த இரண்டு வேப் குப்பிகள் கிடைத்தன. அவனைக் கைது செய்தார்கள். இப்போது ஜாமீனில் இருக்கிறான்.

வாரண்டுக்கு ஆதாரமான பிரமாணப் பத்திரத்தின் நகலை நீதிமன்ற அலுவலகத்தில் வாங்கினேன். திங்கட்கிழமை மாலை 5 மணிக்குக் கையெழுத்தானது. இரண்டே பக்கம். 'நம்பகமான, நாணயமான ஓர் இன்ஃபார்மர் கடந்த 72 மணி நேரத்துக்குள் இந்த வீட்டுக்குள் இருந்தார். மாடி அறையில் வசிக்கும் இளைஞரிடம் போதைப்பொருள் இருந்ததைப் பார்த்தார்' என்று எழுதியிருக்கிறது. பெயர் இல்லை.

பெயர் தெரியாத ஒருவன் பேச்சை நம்பி ஒரு குடும்பத்தின் வீட்டுக்குள் நுழையலாமா? அவன் யார் என்று நீதிமன்றத்தின் மூலம் கேட்க முடியுமா? முன்பு தம்பியோடு தங்கியிருந்து, சண்டை போட்டுக்கொண்டு போன ஒரு பையன்மேல் எங்களுக்குச் சந்தேகம். நேரில் போய்க் கேட்டுவிடலாம் என்கிறாள் மனைவி. 'சின்ன வழக்கு, ஒப்புக்கொண்டு முடித்துவிடுங்கள்' என்கிறார்கள் நண்பர்கள். விசாரித்த அதிகாரியோ, 'எங்களுக்கு உதவினால் உன் வழக்கு லேசாகும்' என்று தம்பியிடம் சொல்லித் தன் கார்டைக் கொடுத்திருக்கிறார். என்ன செய்வதென்று புரியவில்லை."

அன்புள்ள நண்பருக்கு,

மேலே படிப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வாசலில் அழைப்புமணிக் கேமரா இருந்தால், அந்த வெள்ளிக்கிழமை காலை முதல் செவ்வாய் இரவு வரையிலான பதிவை இன்றே தரவிறக்கி இரண்டு இடங்களில் சேமியுங்கள். இப்படிப்பட்ட பதிவுகள் குறிப்பிட்ட நாள்களுக்குப் பிறகு தாமாகவே அழிந்துவிடும். உங்களிடம் கேமரா இல்லையென்றால், எதிர் வீட்டாரிடமும் பக்கத்து வீட்டாரிடமும் பணிவாகக் கேளுங்கள். டல்லாஸ் பயணத்தின் டோல் கணக்கு, பெட்ரோல் ரசீது, விழாவில் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் ஒரே உறையில் போடுங்கள். எதற்காக என்று பிறகு சொல்கிறேன். டல்லாஸ் போய்வந்ததை நீங்கள் களைப்புக்கு ஒரு காரணமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதம் முழுவதிலும் அதுதான் பெரிய வரி.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். நம் ஊர் நாளிதழ் படித்து வளர்ந்த எல்லோருக்கும் ஒரு வாக்கியம் மனப்பாடம்: 'போலீஸாருக்குக் கிடைத்த ரகசியத் தகவலின்பேரில் சோதனை நடத்தப்பட்டது.' தகவல் தந்தவர் யார், அவருக்கு எப்படித் தெரிந்தது என்று அந்த வாக்கியத்துக்குப் பிறகு யாரும் கேட்பதில்லை. அமெரிக்க நீதிமன்றத்தில் வக்கீலின் வேலை அந்த வாக்கியத்தில்தான் தொடங்குகிறது. 1791இல் நடைமுறைக்கு வந்த நான்காவது அரசியலமைப்புத் திருத்தம், போதிய முகாந்திரம் இல்லாமல் வாரண்ட் கிடையாது என்கிறது. அந்த முகாந்திரத்தைச் சத்தியப் பிரமாணத்தின் பேரில் எழுதித் தர வேண்டும், எந்த இடத்தில் எதைத் தேடுகிறோம் என்று குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். போதிய முகாந்திரம் என்பது குற்றத்தை நிரூபிக்கும் அளவு ஆதாரம் அல்ல. அந்த இடத்தில் அந்தப் பொருள் இருப்பதற்கு நியாயமான வாய்ப்பு இருக்கிறது என்று ஒரு நடுநிலையான மாஜிஸ்திரேட் நம்பும் அளவு இருந்தால் போதும். (இந்தியாவின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், பிரிவு 42இலும் 72 மணி நேரம் வரும். கிடைத்த தகவலை அதிகாரி எழுதி மேலதிகாரிக்கு அனுப்ப அங்கே தரும் கெடு அது. எண் ஒன்றுதான், இங்கே அதன் பொருள் வேறு. யாராவது இரண்டையும் குழப்பினால் நம்பாதீர்கள்.)

பெயர் சொல்லாத ஒருவரின் தகவலை வைத்து வாரண்ட் தரலாமா என்றால், தரலாம். ஆனால் அவர் பேச்சை மாஜிஸ்திரேட் ஏன் நம்ப வேண்டும் என்பதற்கான காரணம் தாளில் இருக்க வேண்டும். இந்தச் சட்டத்தின் பெரிய வழக்கு ஒன்று உங்கள் ஊரிலேயே பிறந்தது. ஹூஸ்டன் போலீஸ்காரர்கள் இருவர், நம்பத்தக்க ஒருவரிடமிருந்து நம்பகமான தகவல் கிடைத்தது, இந்த வீட்டில் ஹெராயின் இருப்பதாக நம்புகிறோம் என்ற அளவில் எழுதிக் கொடுத்து வாரண்ட் வாங்கினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1964இல் 'அகிலார் எதிர் டெக்சஸ்' தீர்ப்பில் அந்த வாரண்ட் செல்லாது என்று நீதிபதிகள் சொன்னார்கள். சொன்னவருக்கு அது எப்படித் தெரிந்தது, கண்ணால் பார்த்தாரா, காதால் கேட்டாரா? அவர் சொல்வதை எதை வைத்து நம்புவது? இந்த இரண்டுக்கும் தாளில் விடை வேண்டும் என்றார்கள். ஐந்து ஆண்டு கழித்து ஸ்பினெல்லி வழக்கில் இதையே இன்னும் இறுக்கினார்கள்.

1983இல் பிடி தளர்ந்தது. இல்லினாய் மாநிலத்தின் புளூமிங்டேல் என்ற ஊர்க் காவல் நிலையத்துக்கு 1978 மே மாதம் கையெழுத்தில்லாத ஒரு கடிதம் வந்தது. கேட்ஸ் என்ற தம்பதி போதைப்பொருள் விற்றுப் பிழைக்கிறார்கள். மனைவி காரை ஃபுளோரிடாவுக்கு ஓட்டிப்போய் விடுவாள், கணவன் விமானத்தில் போய்க் காரை ஓட்டிவருவான், டிக்கியில் சரக்கு இருக்கும் என்று எழுதியிருந்தது. எழுதியவர் யார் என்று யாருக்கும் தெரியாது. அந்தக் கடிதத்தை மட்டும் வைத்து யாரும் வாரண்ட் தந்திருக்க முடியாது. ஆனால் போலீஸ் அதோடு நிற்கவில்லை. கணவன் விமான டிக்கெட் எடுத்ததைக் கண்டுபிடித்தார்கள். அவன் ஃபுளோரிடாவில் இறங்கியதையும், மறுநாள் காலையிலேயே காரில் வடக்கே கிளம்பியதையும் பார்த்து உறுதிசெய்துகொண்டு வாரண்ட் வாங்கினார்கள். டிக்கியில் 350 பவுண்டு கஞ்சா இருந்தது. அந்தக் கேட்ஸ் வழக்கில், இரண்டு கேள்விகளையும் தனித்தனி வேலியாக வைக்காமல், எல்லாச் சூழ்நிலையையும் சேர்த்துப் பார்த்து முடிவு செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் விதியை மாற்றியது. நியூயார்க், மாசசூசெட்ஸ் போன்ற சில மாநிலங்கள் தங்கள் மாநில அரசியலமைப்பின்படி பழைய இரண்டு கேள்வி முறையையே வைத்துக்கொண்டன. டெக்சஸ் புதிய விதியைப் பின்பற்றுகிறது.

ஆகவே உங்கள் தாளை அந்தக் கண்ணோடு படிப்போம். கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய பிரமாணப் பத்திரத்தின் படத்தில் நான்கு பத்திகள் இருக்கின்றன. முதல் பத்தி அதிகாரியின் அனுபவம், அதை விட்டுவிடலாம். இரண்டாவதில், இந்த இன்ஃபார்மர் முன்பு பலமுறை தந்த தகவல்கள் உண்மையாக இருந்தன என்று ஒரே வரி. எத்தனை முறை, எந்த வகை வழக்கு, அதனால் பொருள் பிடிபட்டதா என்று ஒன்றும் இல்லை. மூன்றாவதுதான் உயிர்ப் பத்தி: அவர் வீட்டுக்குள் இருந்தார், பார்த்தார், 72 மணி நேரத்துக்குள். நான்காவது பத்தி நிறைய உழைத்ததுபோல் தோன்றுகிறது. மின்கட்டணம் உங்கள் பெயரில் இருக்கிறது, வாசலில் நிற்கும் கார் உங்கள் பெயரில் பதிவாகியிருக்கிறது, வீட்டு எண் கறுப்பு எழுத்தில் இருக்கிறது. இவையெல்லாம் உண்மை, ஆனால் உங்கள் தெருவில் நாய் நடத்திப் போகிறவருக்கும் தெரிந்த உண்மை. கேட்ஸ் வழக்கில் போலீஸ் உறுதிசெய்தது இனி நடக்கப்போகிறது என்று கடிதம் சொன்னதை. இங்கே உறுதிசெய்தது வாசலில் நிற்கும் காரை. இரண்டும் ஒன்றல்ல.

போலீஸ் செய்திருக்கக்கூடியது வேறு ஒன்றும் உண்டு. இன்ஃபார்மரை முதலில் சோதனை போட்டு, கையில் ஒன்றும் இல்லை என்று உறுதிசெய்து, எண் குறித்துக்கொண்ட பணத்தைக் கொடுத்து, வீட்டுக்குள் போவதையும் வருவதையும் கண் எடுக்காமல் பார்த்து, வந்ததும் மறுபடி சோதனை போட்டு, வாங்கிவந்த பொருளைப் பரிசோதித்துப் பார்ப்பார்கள். ஒழுங்காகச் செய்தால் இன்ஃபார்மரின் நாணயத்தைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். போலீஸே கிட்டத்தட்ட நேரில் பார்த்த மாதிரி ஆகிவிடும். உங்கள் தாளில் அப்படி ஒரு வரிகூட இல்லை.

ஆனால் உங்களுக்குப் பொய் நம்பிக்கை தர எனக்கு மனமில்லை. முன்பு சரியான தகவல் தந்த ஒருவர், மூன்று நாளுக்குள் தானே உள்ளே இருந்து கண்ணால் கண்டேன் என்று சொன்னால், டெக்சஸ் நீதிபதிகள் பெரும்பாலும் அந்த வாரண்டைக் காப்பாற்றுவார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றமும் மாஜிஸ்திரேட்டின் முடிவுக்கு மதிப்புக் கொடுத்துத்தான் பார்க்கும். தாளில் எழுதியிருப்பதை அப்படியே உண்மை என்று வைத்துக்கொண்டால், உங்கள் பக்கம் பலம் குறைவு. எழுதியிருப்பது உண்மைதானா என்று கேட்கும்போதுதான் வழக்கு மாறுகிறது.

இதைக் கேட்க வழி திறந்தது 1978இல் வந்த 'ஃபிராங்க்ஸ் எதிர் டெலவேர்' தீர்ப்பு. அதிகாரி தெரிந்தே பொய் எழுதினார், அல்லது உண்மையா பொய்யா என்று துளியும் அக்கறையில்லாமல் எழுதினார் என்பதற்கு வலுவான தொடக்க ஆதாரம் காட்டினால், நீதிமன்றம் தனி விசாரணை நடத்த வேண்டும். பொய் என்று நிரூபணமானால் அந்த வரிகளைத் தாளிலிருந்து அடித்துவிட்டு, மிச்சம் இருப்பதில் முகாந்திரம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் வாரண்ட் விழும், அதனால் கிடைத்த பொருளும் சாட்சியத்திலிருந்து விழும். உங்கள் தாளில் மூன்றாவது பத்தியை அடித்தால் மிஞ்சுவது மின்கட்டணமும் காரும்தான்.

இனி டல்லாஸ். தாள் கையெழுத்தானது திங்கள் மாலை 5 மணி. அங்கிருந்து பின்னோக்கி 72 மணி நேரம் எண்ணினால் வெள்ளி மாலை 5 மணி. நீங்கள் ஐந்து பேரும் வெள்ளி மதியமே வீட்டைப் பூட்டிவிட்டீர்கள், திரும்பியது திங்கள் இரவு. அப்படியானால் அந்த 72 மணி நேரத்தில் உங்கள் வீட்டு மாடியில் இளைஞரும் இல்லை, அவரைப் பார்க்க இன்ஃபார்மரும் இருந்திருக்க முடியாது. கேமராவைப் பற்றி நான் முதலில் சொன்னது இதற்காகத்தான்.

உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். உங்கள் வக்கீல் கேட்கப்போகும் கேள்விகளை நான் இப்போதே கேட்டுவிடுகிறேன். வீட்டுச் சாவி வேறு யாரிடமாவது இருந்ததா? தம்பி உங்களோடு கடைசிவரை டல்லாஸில் இருந்தானா, நடுவில் பஸ் பிடித்து ஒரு நாள் திரும்பி வந்தானா? வெள்ளி காலையில் நண்பன் யாராவது வந்து போனானா? தம்பியை உட்காரவைத்து, கோபப்படாமல் கேளுங்கள். அவன் உங்களிடம் மறைப்பது நீதிமன்றத்தில் தெரியவந்தால், உங்கள் பயணச் சான்று எல்லாம் வீணாகும். அதைவிட நுட்பமான ஒன்றும் உண்டு. ஃபிராங்க்ஸ் தீர்ப்பு அதிகாரியின் பொய்யைப் பற்றியது, இன்ஃபார்மரின் பொய்யைப் பற்றியது அல்ல. இன்ஃபார்மர் போன வாரம் பார்த்ததை நேற்றுப் பார்த்ததாகச் சொல்லி, அதிகாரி அதை நல்லெண்ணத்தோடு நம்பி எழுதியிருந்தால், அந்தத் தீர்ப்பு உங்களுக்குக் கைகொடுக்காது. இன்ஃபார்மர் நாள் எதுவும் சொல்லாதிருக்க, அதிகாரி தானாகவே '72 மணி நேரம்' என்று போட்டிருந்தால், அது வேறு கதை.

தானாகவே போடுவார்களா என்று கேட்பீர்கள். போடுவதை நான் பார்த்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் என் கட்சிக்காரர் ஒருவரின் வாரண்ட் தாளில், இன்ஃபார்மர் 'மாடிப்படி ஏறிச் சென்று' படுக்கை அறையில் பொருளைக் கண்டதாக எழுதியிருந்தது. அவருடைய வீடு தரைத்தளம் மட்டுமே கொண்டது. அதே அதிகாரி அதற்கு முந்தைய மாதங்களில் வாங்கிய வாரண்டுகளை எழுத்தர் அலுவலகத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். அந்தப் பத்தி காற்புள்ளி மாறாமல் இன்னொரு முகவரிக்கும் இருந்தது. அந்த வீட்டில் மாடி இருந்தது. பழைய தாளை நகலெடுத்து முகவரியை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். 'கடந்த 72 மணி நேரத்துக்குள்' என்பதும் அப்படி வார்ப்பில் வரும் ஒரு தொடர். தகவல் ஆறிப்போகவில்லை என்று காட்டத்தான் அதைப் போடுகிறார்கள். சொந்தப் பயன்பாட்டுக்கு வைத்திருக்கும் சிறு அளவு பொருள் ஒரு மாதம் கழித்தும் அங்கேயே இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பார்த்த நாள் எது என்பதில்தான் பல வாரண்டுகளின் உயிர் இருக்கிறது. உங்கள் வக்கீலிடம், இந்த அதிகாரியின் பிற தாள்களையும் வரவழைத்துப் படிக்கச் சொல்லுங்கள். டெக்சஸ் சட்டப்படி வாரண்டை நிறைவேற்றிய பிறகு அதன் பிரமாணப் பத்திரம் பொது ஆவணம். நீதிபதி தற்காலிகமாக முத்திரையிட்டு மூடி வைத்தால் தவிர, யாரும் கேட்டுப் படிக்கலாம்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஹூஸ்டனே சாட்சி. 2019 ஜனவரி 28 அன்று ஹார்டிங் தெருவில் ஒரு வீட்டுக் கதவை உடைத்துப் போலீஸ் உள்ளே புகுந்தது. துப்பாக்கிச் சூட்டில் அந்த வீட்டுத் தம்பதி இருவரும் இறந்தார்கள், போலீஸ்காரர்கள் நால்வர் மேல் குண்டு பாய்ந்தது. முந்தைய நாள் தன் இன்ஃபார்மர் அந்த வீட்டில் ஹெராயின் வாங்கினார் என்று ஜெரால்ட் கோயின்ஸ் என்ற அதிகாரி சத்தியம் செய்து எழுதியிருந்தார். வீட்டில் ஹெராயின் இல்லை. அந்த இன்ஃபார்மர் யார் என்று பிறகு கோயின்ஸிடமே கேட்டபோது, அவர் பெயர் சொன்னவர்கள் எல்லாரும் தாங்கள் வாங்கவில்லை என்றார்கள். அப்படி ஒரு கொள்முதலே நடக்கவில்லை. 2024இல் அவருக்குக் கொலைக் குற்றத்தில் 60 ஆண்டு தண்டனை கிடைத்தது. அவர் கைபட்ட பழைய வழக்குகள் பலவும் சரிந்தன. அந்தத் தம்பதியின் வீட்டுத் தாளை மாஜிஸ்திரேட் முன் வைத்தபோது, முன்பு எப்போது, என்ன தகவல், யார் பார்த்தார்கள் என்று இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்டிருந்தால் என்ற நினைப்பு எனக்கு அந்தத் தெரு வழியாகப் போகும்போதெல்லாம் வரும்.

உங்கள் தாளை எழுதியவர் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. நாணயமாக வேலை செய்யும் புலனாய்வு அதிகாரிகளைக் குறுக்கு விசாரணை செய்து தோற்றிருக்கிறேன். அவர்கள் குறிப்பேட்டில் நாளும் நேரமும் இருக்கும். உங்கள் அதிகாரியின் குறிப்பேட்டிலும் இருக்கலாம். இருக்கிறதா என்று கேட்பது உங்கள் உரிமை.

அடுத்தது, பெயர். இதில் உங்களுக்கு ஏமாற்றம்தான் வரும். வாரண்டுக்கு முகாந்திரம் இருந்ததா என்ற விசாரணையில் இன்ஃபார்மரின் பெயரை வெளியிட வேண்டிய கட்டாயம் இல்லை என்று 1967இல் மெக்ரே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்குப் பத்து ஆண்டு முன்னால், ரோவியாரோ வழக்கில் பெயரைச் சொல்லத்தான் வேண்டும் என்று தீர்ப்பானது. காரணம், அங்கே இன்ஃபார்மர் வெறும் தகவல் தந்தவர் அல்லர். குற்றம் சாட்டப்பட்டவரோடு ஒரே காரில் இருந்தவர், நடந்ததில் பங்கேற்ற ஒரே சாட்சி. (அந்தக் காரின் டிக்கிக்குள் ஒரு போலீஸ்காரர் ஒளிந்து ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தார்.) ஆகவே பார்க்க வேண்டியது, அந்த ஆளின் சாட்சியம் குற்றமா இல்லையா என்ற கேள்விக்கு உதவுமா என்பது. தம்பிமேல் உள்ள வழக்கு, புதன்கிழமை இழுப்பறையில் கிடைத்த குப்பிகளைப் பற்றியது. முன்பு யாரோ பார்த்ததைப் பற்றியது அல்ல. அதனால் பெயர் வெளிவர வாய்ப்புக் குறைவு. ஆனால் டெக்சஸ் சாட்சிய விதி 508 ஒரு சிறு கதவு வைத்திருக்கிறது. அந்த இன்ஃபார்மரை நம்பத்தக்கவர் என்று போலீஸ் நினைத்ததற்கு நியாயம் இருந்ததா என்பதில் நீதிபதிக்குத் திருப்தி இல்லையென்றால், பெயரைச் சொல்லச் சொல்லலாம். உங்களை வெளியே வைத்துத் தனி அறையில் விசாரிக்கவும் செய்யலாம். உங்கள் டல்லாஸ் சான்றுகள் அந்தக் கதவைத் தட்டப் போதுமானவை என்பது என் கருத்து. கதவு திறந்தாலும் உள்ளே என்ன பேசினார்கள் என்பது உங்களுக்குத் தெரியாமலே போகலாம். அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

உங்கள் மனைவியின் கோபம் எனக்குப் புரிகிறது. அரிசி டப்பாவைக்கூடக் கவிழ்த்துப் பார்த்த காலையை யாரும் மறக்க முடியாது. ஆனால் அந்தப் பையனிடம் அவர் போகவே கூடாது. போலீஸுக்குத் தகவல் தந்ததற்காக ஒருவரை மிரட்டுவது டெக்சஸில் தனிக் குற்றம், அதற்கே பத்து ஆண்டுவரை சிறை உண்டு. மிரட்டவில்லை, கேட்கத்தான் போனேன் என்று சொன்னாலும், கதவைத் திறந்தவருக்கு அது எப்படிக் கேட்டது என்பதுதான் புகாரில் வரும். அவன் தகவல் தந்தவனாகவே இல்லாமலிருந்தால் இன்னும் மோசம். சங்கத்து வாட்ஸ்ஆப் குழுவில் பெயரைப் போடுவதும் இதில் சேர்த்தி. ஆள்காட்டி யார் என்று தெரிந்தாலும் உங்கள் வழக்கு ஓர் அங்குலம்கூட நகராது. அவனுக்கு எப்படித் தெரிந்தது, எப்போது தெரிந்தது என்பவைதான் வழக்கை நகர்த்தும். அவற்றை அவன் வாயிலிருந்து வாங்க வேண்டியதில்லை, தாளிலிருந்தே வாங்கலாம்.

நண்பர்கள் சொல்லும் 'சின்ன வழக்கு' என்ற பேச்சை நிறுத்தச் சொல்லுங்கள். டெக்சஸில் கஞ்சா இலைக்கு ஒரு சட்டம், கஞ்சாவிலிருந்து எடுத்த எண்ணெய்க்கு வேறு சட்டம். எண்ணெய் ஒரு கிராமுக்குக் குறைவாக இருந்தாலே பெருங்குற்றம், 180 நாள் முதல் இரண்டு ஆண்டுவரை சிறை. ஒரு கிராம் முதல் நான்கு கிராமுக்குள் என்றால் இரண்டு முதல் பத்து ஆண்டு. எண்ணெயில் கலந்திருக்கும் மற்றப் பொருளின் எடையையும் சேர்த்து நிறுப்பார்கள். இரண்டு குப்பிகள் என்கிறீர்கள், ஆகவே ஆய்வக எடை வரும்வரை எதுவும் பேசாதீர்கள். அரசு வக்கீல் 'ஒத்திவைத்த தீர்ப்பு' ஒன்றை முன்வைப்பார். குற்றத்தை ஒப்புக்கொண்டு, சில காலம் கண்காணிப்பில் ஒழுங்காக இருந்தால், தண்டனை பதிவாகாமல் வழக்கு முடியும் என்பார். குடியுரிமை உள்ள பையனுக்கு அது நல்ல வழியாக இருக்கலாம். மாணவர் விசாவில் இருப்பவனுக்கு அது பொறி. குற்றத்தை ஒப்புக்கொண்டு ஏதேனும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டாலே குடிவரவுச் சட்டத்தின் கண்ணில் அது தண்டனைதான், மாநில நீதிமன்றம் அதை என்ன பெயரில் அழைத்தாலும் சரி. போதைப்பொருள் தண்டனை நாடு கடத்தலுக்கு நேரடிக் காரணம். விதிவிலக்கு ஒன்றே ஒன்று, சொந்தப் பயன்பாட்டுக்கு 30 கிராமுக்கு உட்பட்ட கஞ்சா, அதுவும் ஒரே ஒரு முறை. எண்ணெய் அதில் அடங்குமா என்பதைக் குடிவரவு வக்கீல் பார்க்க வேண்டும். குற்றத்தை ஒப்புக்கொண்டால் நாடு கடத்தப்படலாம் என்பதைக் கட்சிக்காரரிடம் சொல்லாமல் விடுவது வக்கீலின் தவறு என்று 2010இல் படீயா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே குற்றவியல் வக்கீல் ஒருவர், குடிவரவு வக்கீல் ஒருவர், இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். செலவாகும். அவன் படிப்புக்கு ஏற்கெனவே செலவழித்ததை ஒப்பிட்டால் குறைவு.

கடைசியாக அந்தக் கார்டு. எனக்கு இதைப் பற்றித்தான் அதிகக் கவலை. 'எங்களுக்கு உதவினால்' என்றால், நண்பர்களிடமிருந்து வாங்கிக் காட்டு, உனக்கு விற்றவனைக் காட்டு என்று பொருள். அதாவது தம்பி இன்ஃபார்மர் ஆக வேண்டும். இன்ஃபார்மர் என்றதும் நாம் பணத்துக்கோ பகைக்கோ காட்டிக்கொடுப்பவன் என்று நினைக்கிறோம். அப்படியும் உண்டு. டல்லாஸில் 2001இல், காசு வாங்கிய இன்ஃபார்மர்கள் ஜிப்சம் தூளைக் கொக்கெயின் என்று அப்பாவிகள்மேல் வைத்து மாட்டிவிட்டார்கள், எண்பதுக்கும் மேற்பட்ட வழக்குகள் கைவிடப்பட்டன. ஆனால் நான் பார்த்த இன்ஃபார்மர்களில் பலர் இருபது வயதுப் பிள்ளைகள். சின்ன அளவோடு பிடிபட்டு, பெற்றோருக்குத் தெரிந்துவிடுமே என்று நடுங்கி, வக்கீலைப் பார்க்காமலே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள். ஃபுளோரிடாவின் டாலஹாசியில் 2008இல் கஞ்சாவோடு பிடிபட்ட 23 வயதுப் பெண் ஒருத்தியிடம் போலீஸ் 13,000 டாலர் கொடுத்து, முன்பின் அறியாத இருவரிடம் போதைமருந்தும் துப்பாக்கியும் வாங்க அனுப்பியது. அவர்கள் அவளைச் சுட்டுக் கொன்றார்கள். மறு ஆண்டு அந்த மாநிலம் அவள் பெயரில் ரேச்சல் சட்டம் கொண்டுவந்து, இன்ஃபார்மர்களை எப்படி நடத்த வேண்டும் என்று போலீஸுக்கு விதி வகுத்தது.

தம்பியோடு சண்டை போட்டுக்கொண்டு போன அந்தப் பையன்தான் தகவல் தந்தான் என்று வைத்துக்கொண்டாலும், அவனிடமும் யாரோ இப்படி ஒரு கார்டைக் கொடுத்திருக்கலாம். உங்கள் மனைவியிடம் இதை மட்டும் சொல்லுங்கள்.

தம்பி அந்த எண்ணை அழைக்கக் கூடாது, அங்கிருந்து அழைப்பு வந்தால் எடுக்கவும் கூடாது. தெருவில் பார்த்துப் பேசினால், 'என் வக்கீலிடம் பேசுங்கள்' என்ற ஒரு வரிக்குமேல் வேண்டாம். ஒத்துழைப்பது சில வழக்குகளில் சரியான முடிவாகவே இருக்கலாம். அப்போதும் என்ன செய்ய வேண்டும், எத்தனை முறை, அதற்கு ஈடாக என்ன கிடைக்கும், விசா என்னாகும் என்பதெல்லாம் எழுத்தில், அரசு வக்கீலின் கையெழுத்தோடு வர வேண்டும். அதிகாரியின் வாய்ச்சொல் அரசு வக்கீலைக் கட்டுப்படுத்தாது. கார்டைக் கிழித்துப் போட வேண்டாம். அதன் பின்பக்கத்தில் எந்த நாள், எத்தனை மணிக்கு, என்ன சொல்லிக் கொடுத்தார் என்று தம்பியையே எழுதச் சொல்லி, வாரண்ட் நகலோடும் எடுத்துச்சென்ற பொருள்களின் பட்டியலோடும் சேர்த்து வக்கீலிடம் கொடுங்கள். அந்த எண்ணை அழைக்க வேண்டுமானால் அவர் அழைப்பார்.